மாமனை விட்டு மிரட்டினால் பையன் திருந்துவானா?

கேள்வி:

எனக்கு 38 வயசு. பல்லடம் பக்கம் கிராமம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது வேறு ஊரில் வேறு குடும்பம், எங்களுக்குப் பணம் காசு எதுவும் தருவதில்லை. மகள் பிளஸ் ஒன், மகன் ஒன்பதாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. காலையில் எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிடும். மகள் தங்கம். சமையலிலிருந்து தண்ணீர் பிடிப்பது வரை அவள்தான். கட்டுப்பாடாக வளர்த்திருக்கிறேன், அவளிடம் போன்கூடக் கிடையாது. பையன்தான் கவலை. அப்பன் இல்லாத பிள்ளை என்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தேன், தவணையில் போன் வாங்கிக் கொடுத்தேன், சனிக்கிழமை சம்பளம் வந்தால் இருநூறு ரூபாய் கையில் கொடுத்துவிடுவேன். இப்போது என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறான். போன மாதம் நான்கு நாள் பள்ளிக்கூடம் போகாமல் கூட்டாளிகளோடு பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறான், என் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான். போனைப் பார்த்ததில் அவங்கப்பா நம்பருக்கும் பேசியிருக்கிறான் போல. ஆத்திரம் தாங்காமல் அண்ணனை வரச் சொன்னேன். அண்ணன் வாசலில் வைத்து, அக்கம்பக்கம் பார்க்க நாலு அறை விட்டார். அன்றிலிருந்து பையன் என்னிடம் பேசுவதில்லை. ஆம்பளை இல்லாத வீட்டில் பையன் இப்படித்தான் போவான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் போடு என்கிறார்கள். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, விட்டுப் பிடிக்க வேண்டுமா?

பதில்:

முதலில் ஹாஸ்டல் பேச்சை முடித்துவிடலாம், ஏனென்றால் சொந்தக்காரர்கள் ஜூன் வரைக்கும் சும்மா இருக்க மாட்டார்கள், யாராவது ஒருவர் போய் விண்ணப்பமே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இப்போதைக்கு வேண்டாம் அம்மிணி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் தானே ஆசைப்பட்டுப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்து நன்றாக வந்த பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, அது வேறு. அப்பா விட்டுவிட்டுப் போன வீட்டில், அடி வாங்கின சூடு ஆறாத பையனுக்கு மூட்டை கட்டினால், படிக்க அனுப்புகிறார்கள் என்று அவன் நினைக்க மாட்டான், அம்மாவும் கை கழுவிவிட்டாள் என்றுதான் நினைப்பான். பீஸ் வேறு உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதோடு, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குக் கல்லூரி போகும்போது மாதம் 1000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோயமுத்தூரில்தான் தொடங்கியது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அதுவும் போகும்.

அடுத்தது உங்கள் அண்ணன். நம் பக்கம் தாய்மாமன் என்றால் சாதாரணம் இல்லை, காது குத்த மடியில் உட்கார வைப்பதிலிருந்து கல்யாணச் சீர் வரைக்கும் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டது மாமனை இல்லை, உங்களுக்குப் பதிலாக அடிக்க ஒரு ஆளை. அடித்தது யார் என்பதைவிட எங்கே வைத்து அடித்தார் என்பதுதான் பையனுக்குப் பெரிது. பதினான்கு வயசில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வாங்கின அறையில் கன்னத்து வலி அரை மணி நேரத்தில் போய்விடும், ரோசம் அப்படிப் போகாது. நான்கு நாள் பள்ளிக்குப் போகாதது அவன் மனசில் இப்போது பெரிய தப்பாகவே இருக்காது, வாசலில் பட்ட அவமானம் அதை மூடிவிட்டது. இன்னொன்றும் நடந்திருக்கிறது. அம்மா சொன்னால் கேட்க வேண்டியதில்லை, மாமன் வந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் அவன் மாமன் உயரத்துக்கு வந்துவிடுவான். அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

மாமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், தென்னைக்குத் தண்ணி கட்டட்டும், மோட்டார் ரிப்பேரானால் கூட நின்று பார்க்கட்டும், மதியம் மாமன் வீட்டிலேயே சாப்பிடட்டும். அறிவுரை மட்டும் கூடாது என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகிற வழியிலேயே அவர் ஆரம்பித்தார் என்றால் அடுத்த ஞாயிறு பையன் எழுந்திருக்கவே மாட்டான்.

கண்டிப்பா, விட்டுப் பிடிப்பதா என்று கேட்டீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டு டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960-களில் அமெரிக்காவில் பெற்றோர்களைக் கவனித்து மூன்று ரகமாகப் பிரித்தார். நான் சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம் ஒன்று, பிள்ளை கேட்டால் சரி என்று விட்டுவிடுகிற ரகம் ஒன்று, பாசமாகவும் இருந்து, வைத்த வரம்பையும் காரணம் சொல்லி விடாமல் பிடிக்கிற ரகம் மூன்றாவது. பாசமும் இல்லாமல் வரம்பும் இல்லாமல் கண்டுகொள்ளாமல் விடுகிற நான்காவது ரகத்தை 1983-ல் மக்கோபி, மார்ட்டின் என்ற இரண்டு பேர் சேர்த்தார்கள். இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கண்டிப்பு கூடினால் பாசம் குறையும், பாசம் கூடினால் கண்டிப்பு குறையும் என்று கணக்கு எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனி. இரண்டும் கூடவே இருக்கலாம், அந்த மூன்றாவது ரகத்தில்தான் பிள்ளைகள் பொதுவாக நன்றாக வருகிறார்கள்.

உடனே நான் எந்த ரகம் என்று யோசிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மூன்றாவதைத் தவிர மற்ற எல்லாமே இருக்கிறது. மகளிடம் முதல் ரகம். பையனிடம் வார நாட்களில் நான்காவது, அது வேலையால் வருவது, மனசால் இல்லை. சனிக்கிழமை ராத்திரி இரண்டாவது, இருநூறு ரூபாய். தப்பு ஏதாவது வெளியே வந்த அன்றைக்கு மறுபடியும் முதல் ரகம், அதுவும் அண்ணன் கையால். மூன்று நாள் பள்ளிக்குப் போகாததற்கு ஒன்றுமே நடக்காமல் நான்காம் நாள் அறை விழுந்தால், பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளாது, மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

வீட்டில் ஆள் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று உங்களுக்கு ஒரு குறை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஆம்பளை இல்லாத வீடு என்கிற பேச்சை விடுங்கள், அப்பா வீட்டிலேயே இருந்து பேக்கரியில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிற வீட்டில் பிள்ளைகள் தப்புத்தண்டாவுக்குப் போவது குறைவு என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். அதனால் கண்காணி, கேள்வி கேள், போனை நோண்டு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-ல் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சுவீடனில் 14 வயசுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து, அந்த விவரம் பெற்றோருக்கு எப்படித்தான் வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். துருவிக் கேட்டதாலும் காவல் காத்ததாலும் வந்தது கொஞ்சம்தான், பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்தது. பகல் முழுக்க வீட்டில் இருக்க முடியாத அம்மாவுக்கு இது நல்ல சேதி. காவல் காக்க நேரம் இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். உங்களிடம் சொல்லலாம், சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்கு உங்களிடம் ஒன்றைச் சொன்னால் மாமன் வருவார், அதனால் சொல்ல மாட்டான்.

இப்போது அந்த நம்பர். வண்டி, பேக்கரி, எரிந்து விழுவது இதெல்லாம் இந்த வயசில் பல வீட்டில் நடப்பதுதான். அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறான் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அவர் போனபோது இவனுக்குப் பதினொரு வயசு. ஏன் போனார், நம்மை நினைக்கிறாரா, என்னால்தான் போனாரா என்று கேட்க வீட்டில் அவனுக்கு ஆள் இல்லை, அந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் முகம் மாறுவதை அவன் பார்த்திருப்பான். அவன் அப்பாவிடம் பேசுவது உங்களுக்குச் செய்கிற துரோகம் இல்லை. பள்ளிக்குப் போகாத நாட்களும் அந்தப் போன் போன நாட்களும் ஒட்டி வருகிறதா என்று ஒரு தரம் பாருங்கள், ஆனால் அதை வைத்து விசாரணை நடத்த வேண்டாம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: கோபத்தில் "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்குது" என்று சொல்வதுண்டா? இதுபோன்ற வீடுகளில் இந்தப் பேச்சு இல்லாத வீடு அபூர்வம். சொல்கிற உங்களுக்கு அது ஆற்றாமை. கேட்கிற பையனுக்கு, நான் எப்படி நடந்தாலும் கடைசியில் அந்த ஆள்தான் என்று ஒரு தீர்ப்பு. இதோடு கூட வருகிற இன்னொன்று, "உங்களுக்காகத்தான் உசிரைப் பிடிச்சுட்டு இருக்கறேன், இல்லாட்டி என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்." பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு வைப்பது வேறு, பிள்ளையின் குற்றவுணர்வைப் பிடித்து ஆட்டுவது வேறு என்று பிரையன் பார்பர் என்பவர் 1990-களில் பிரித்துக் காட்டினார். முதலாவது பிள்ளையை நிறுத்துகிறது, இரண்டாவது உள்ளுக்குள் குமைய வைக்கிறது. இரண்டு வாக்கியத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அடிப்பதை விடுவதைவிட இது கஷ்டம், தெரியும்.

எப்போது பேசுவது என்றால் ராத்திரி ஒன்பதரைக்கு. தாமதமாக வருகிறோமே என்று நினைக்கிறீர்கள். வயசுக்கு வருகிற காலத்தில் தூக்கத்துக்கான மெலட்டோனின் என்கிற ஹார்மோன் சுரப்பது தள்ளிப் போய்விடுவதால், சாயங்காலம் சோர்ந்து கிடக்கிற பிள்ளைகள் ராத்திரியில்தான் சுறுசுறுப்பாவார்கள், வாய் திறப்பதும் அப்போதுதான். ஆனால் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாப்டியா, படிச்சியா, போன எங்க வெச்ச" என்று ஆரம்பித்தால் அது பேச்சில்லை, கம்பெனியில் பீஸ் செக்கிங் பண்ணுகிற மாதிரிதான். தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டு, முகம் கழுவிவிட்டு உட்காருங்கள். சாயங்காலம் பிள்ளைகள் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை உங்களோடு சாப்பிடட்டும். முதலில் நீங்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள், சூப்பர்வைசர் இன்றைக்கு யாரைத் திட்டினார், ஓட்டை பீஸை யார் பார்க்காமல் விட்டார்கள், கம்பெனி வண்டியில் என்ன சண்டை. அவனைப் பார்த்துக் கேள்வி எதுவும் வேண்டாம். நான்கைந்து நாள் "ம்" என்று எழுந்து போவான், போகட்டும்.

முதல் நாள் மட்டும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் மன்னிப்புக் கேட்க மாட்டார், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம், நீங்கள் கேட்கலாம். "அன்னைக்கு மாமனைக் கூப்பிட்டது என் தப்பு சாமி. வாசல்ல வெச்சு அடிச்சிருக்கக் கூடாது, இனிமே அப்படி நடக்காது. ஸ்கூலுக்குப் போகாதது தப்புத்தான், அதை நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம். அப்பாகிட்டப் பேசணும்னா பேசு, எனக்குத் தெரியாமப் பேச வேண்டியதில்லை." இவ்வளவுதான், இதற்கு மேல் அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். அழுகை வந்தால் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

வரம்புக்கு வருகிறேன், ஏனென்றால் மன்னிப்புக் கேட்ட கையோடு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற அம்மாக்களும் உண்டு. விதி மூன்று போதும், மகளுக்கும் மகனுக்கும் ஒரே விதி. பள்ளிக்குப் போக முடியாத நாள் என்றால் காலையிலேயே காரணத்தோடு உங்களிடம் சொல்ல வேண்டும். ராத்திரி பத்தரைக்கு மேல் போன் படுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது, உங்கள் போன் உட்பட. இந்த வயசுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளைக்குப் பத்தரையே எல்லைதான். மீறினால் என்ன என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஒரு நாள் போன் இல்லை என்றால் ஒரு நாள்தான், கோபம் வந்தது என்று ஒரு வாரமாக நீட்டுவதும், பாவமாக இருக்கிறது என்று சாயங்காலமே கொடுப்பதும் கூடாது.

மூன்றாவது வண்டி. இதில் பேச்சுவார்த்தையே இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி பதினெட்டு ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினாலே பெற்றவர் அல்லது வண்டிச் சொந்தக்காரர்தான் குற்றவாளி, 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதைப் பையனிடம் சொல்வதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்லுங்கள், சாவி தானாக பீரோவுக்குள் போய்விடும்.

சனிக்கிழமை இருநூறு ரூபாயை நிறுத்த வேண்டாம், ஆனால் அது பாவம் பார்த்துக் கொடுக்கிற காசாக இருக்கக் கூடாது. சம்பளத்தை எடுத்து வைத்து வாடகை, மளிகை, குழுக் கடன், போன் தவணை என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரி எழுதிக் காட்டிவிட்டு, மிச்சத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தொகை கொடுங்கள். கணக்கை அழாமல் காட்ட முடிகிற நாளில் மட்டும் காட்டுங்கள்.

மகள் தங்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். பையனைவிட அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தொந்தரவு பண்ணாத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. வீட்டு வேலை செய்வதால் எந்தப் பிள்ளையும் கெடாது, ஆனால் தம்பி ஒழுங்காகச் சாப்பிட்டானா, பள்ளிக்குப் போனானா, எங்கே போனான் என்பதற்கும் அவள் பொறுப்பு, அப்பாவைப் பற்றி நீங்கள் புலம்புவதைக் கேட்பதும் அவள், கடன்காரர் வந்தால் பதில் சொல்வதும் அவள் என்றால் பதினாறு வயசில் அவள் உங்கள் வீட்டின் இரண்டாவது அம்மா ஆகிவிட்டாள். குடும்ப சிகிச்சையில் பெரிய பெயரான சால்வடார் மினுச்சின் 1970-களிலேயே இந்தப் 'பெற்றோர் ஆகிவிட்ட பிள்ளை' பற்றி எழுதியிருக்கிறார். தம்பி நான்கு நாள் பள்ளிக்குப் போகாதது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். உங்களிடம் சொன்னால் அவன் அடி வாங்குவான், சொல்லாவிட்டால் இவள் திட்டு வாங்குவாள். அந்த நான்கு நாளும் அவள் எப்படித் தூங்கினாள் என்று யாராவது கேட்டீர்களா?

தம்பிக்கு அவள் காவல் இல்லை என்று இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், வாரம் மூன்று நாள் ராத்திரிச் சமையல் பையன் பங்கு. அரிசிம்பருப்பைக் குக்கரில் வைக்கப் பதினான்கு வயசு தாராளம். ஆம்பளைப் பையனை அடுப்படிக்கு அனுப்புகிறாயா என்று அவங்க அம்மாயி கேட்பார், கேட்கட்டும். அவனுக்குப் போனும் காசும், அவளுக்குக் கட்டுப்பாடும் வேலையும் என்கிற ஏற்பாட்டில் அவனும் நன்றாக வரவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பிளஸ் டூ முடித்ததும் நல்ல இடம் வந்தால் கட்டிக் கொடுத்துவிடு என்று யாராவது ஆரம்பித்தால் காது கொடுக்காதீர்கள். பதினெட்டுக்கு முன்னால் சட்டப்படி முடியாது, பதினெட்டு ஆனாலும் அவள் படிக்கட்டும். அவள் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வரும்.

வீட்டுக்காரர் பணம் தருவதில்லை என்று எழுதினீர்கள். கேட்டீர்களா? முன்னால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ல் இருந்த ஜீவனாம்சம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு, அதில் பிள்ளைகளுக்கும் சேர்த்து மனுப் போடலாம். வக்கீலுக்குக் காசு வேண்டியதில்லை, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி உண்டு, 15100-க்கு அடித்துக் கேளுங்கள். ரோசத்துக்காகக் கேட்காமல் இருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் பணம் இல்லை, பிள்ளைகள் பணம். வருகிற தொகையில் வாரம் இரண்டு நாளாவது ஒற்றை ஷிப்டோடு வீட்டுக்கு வர முடிந்தால் இங்கே நான் சொன்ன பாதி விஷயம் சுலபமாகிவிடும். மனுப் போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பையன் அதை அப்பா வாயால் முதலில் கேட்க வேண்டாம்.

அப்புறம் பள்ளி. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வகுப்பாசிரியரை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். செக்கிங் டேபிளில் உங்களால் போன் எடுக்க முடியாது என்பதைச் சொல்லி, அவசரத்துக்குக் கம்பெனி ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள். பையனைப் பற்றிப் புகார் சொல்லப் போகாதீர்கள், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான், யாராவது கேலி பண்ணுகிறார்களா என்று கேட்டு வாருங்கள், பள்ளிக்குப் போகாத பையன்களில் பலருக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

இதெல்லாம் பண்ணியும் ஒரு மாதத்தில் அவன் அப்படியே இருந்தால், சாப்பாடு, தூக்கம் குறைந்து ஒதுங்கியே கிடந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். செத்துப் போகலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஒரு மாதமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் அடிக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. அவனுக்காகத்தான் என்று இல்லை, உங்களுக்காகவும் பேசலாம். அவன் காதில் விழுகிற மாதிரி மட்டும் பேசாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டு வாருங்கள்.